வேலுவின் கார்டோடு மங்கலம்பேட்டை வரை

கடந்த வைகாசியில் விருத்தாசலத்து மின்வாகன சார்ஜிங் நிலையத்திலிருந்து இன்னொருவருடைய கார்டை எடுத்துக்கொண்டு போனேன். எடுத்தது கவனக்குறைவு. அதைக் கேட்டு போன் வந்தபோது, கார்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் இல்லை என்று சொன்னேன். அது கவனக்குறைவு அல்ல. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான், வயது எழுபத்திரண்டு. என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார்டோடு மறுபடி விருத்தாசலம் போனேன். அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மின்சாரக் காரில் வெளியூர் போகாதவர்களுக்கு முதலில் சில விவரங்கள்.

கார்டு ஏ.டி.எம். கார்டு அளவில் இருக்கும். முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளலாம். மிஷினிலிருந்து தடித்த ஒயரும் அதன் முனையில் ஒரு பிடியும் வரும். டிரைவர்கள் அதை ‘கன்’ என்பார்கள். கன்னை வண்டியில் செருகி, கார்டை மிஷினில் காட்டினால் மின்சாரம் ஏறத் தொடங்கும். நிறுத்துவதற்கும் அதே கார்டைக் காட்ட வேண்டும். அதுவரை கன் வண்டியை விடாது. இழுத்தாலும் வராது, வேறு கார்டுக்கும் மசியாது.

விருத்தாசலம் நிலையம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ஒரு மிஷின், இரண்டு கன். பக்கத்தில் செல்வியின் டீக்கடை. தொழிற்பேட்டையில் கழித்துக் கட்டிய காதில்லாத கோப்பைகளில்தான் அங்கே டீ. ஒரு வண்டி நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். டிரைவர் சாப்பிடப் போய்விட்டால் அடுத்தவர் காத்துக் கிடக்க வேண்டும். அதற்கு அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. சார்ஜ் போட்டவர் தன் கார்டைச் செல்வியின் மேஜையில் இருக்கும் பீங்கான் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போவார். வண்டி நிறைந்ததும் செல்வியோ வரிசையில் நிற்பவரோ அந்தக் கார்டைக் காட்டி வண்டியை விடுவித்து, கார்டைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டுவிடுவார்கள். எல்லாம் ஒரே கம்பெனியின் பச்சைக் கார்டுகள்.

வைகாசியில் நான் அங்கே போன அன்று முகூர்த்த நாள். திருச்சியில் என் மாப்பிள்ளையின் புதுமனைப் புகுவிழா. மனைவி முந்தின நாளே ரயிலில் போய்விட்டாள். கண் அறுவைக்குப் பிறகு நான் இருட்டில் ஓட்டுவதில்லை. அதனால் விடியற்காலைச் சடங்கை விட்டுவிட்டு மதிய விருந்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். “பஸ்ஸுல வாங்க மாமா. அந்த வண்டியில வந்தா பாத்திரம் கழுவற நேரத்துக்குத்தான் வந்து சேருவீங்க” என்றார் மாப்பிள்ளை. பக்கத்தில் பலர் சிரித்தது போனில் கேட்டது. முதல் பந்தியில் உட்கார்ந்து காட்டுகிறேன் என்றேன்.

என் கார்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் செல்வி கடையில் டீ குடித்தேன். வண்டி விடுபட்டதும், கிண்ணத்திலிருந்து ஒரு கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெண்ணாடத்தில் இளநீருக்கு நிறுத்தியபோது போன் வந்தது. கம்பெனியின் உதவி எண்ணிலிருந்து ஒரு பெண். “சார், உங்க கார்டு விருத்தாசலத்துல இருக்கு. நீங்க மாத்தி எடுத்துட்டுப் போயிட்டீங்களா, கொஞ்சம் பாருங்க. இங்க ஒரு டாக்ஸி மாட்டிக்கிட்டு நிக்குது. பாசஞ்சருக்கு ஃப்ளைட் இருக்காம்.”

பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். என் கார்டின் பின்னால் பேத்தி ஒட்டிய மீன் படம் இருக்கும். இதில் கறுப்பு மையில் ‘வேலு’ என்று எழுதியிருந்தது. பதினெட்டு கிலோமீட்டர் திரும்பிப் போய், மறுபடி அதே பதினெட்டு வர வேண்டும். முதல் பந்தி போய்விடும்.

“என் கார்டை அங்கேயே மறந்து வைத்துவிட்டேன் அம்மா. வேறு யாருடைய கார்டும் என்னிடம் இல்லை” என்றேன்.

முதல் பந்தியில் உட்கார்ந்தேன். ஊருக்குத் திரும்பும்போது விழுப்புரம் வழியாகச் சுற்றி வந்தேன். வேலுவின் கார்டை வண்டியின் டாஷ்போர்டு அறையில் போட்டு மூடிவிட்டு, எனக்கு ஒரு புதுக் கார்டு வாங்கிக்கொண்டேன்.

அதன் விளைவு எனக்குத் தெரிந்தது ஆவணியில், கடலூரில். அங்கே சார்ஜ் போட்டுவிட்டு நின்றபோது இரண்டு டாக்ஸிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“விருத்தாசலம் வேலு கத தெரியுமா? கார்ட தொலச்சிட்டு, கிண்ணத்துல போட்டேன் கிண்ணத்துல போட்டேன்னு ஒரே சாதிப்பு. கிண்ணம் இன்னா கார்ட முழுங்கிடுமா?”

“அந்த குவைத்துக்காரரு இன்னா ஆனாரு?”

“ஆறு மாசத்துக்குள்ள திரும்பலன்னா விசா போயிடுமாமே. அன்னிக்கித்தான் கடேசி நாளு. முகூர்த்த நாளு வேற, மாத்து வண்டி ஒண்ணும் கெடைக்கல. கடலூர்லேந்து மெக்கானிக் வந்து கன்ன கழட்டறதுக்குள்ள ஃப்ளைட்டும் போச்சு, வேலயும் போச்சு. இப்பதான் வேற விசா வந்துருக்குது. வர்ற ஞாயித்துக்கிழம கெளம்புறாரு. டீசல் வண்டி சொல்லிட்டாங்க. மங்கலம்பேட்டையில இப்ப ஒருத்தன் ஏற மாட்டேங்கறான் வேலு வண்டியில.”

இருவரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்தும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புதுச்சேரியிலிருந்து கிளம்பினேன். கடலூர், வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். நெய்வேலிவரை சாலை நன்றாக இருக்கிறது. அதற்கப்பால் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். முந்திக்கொண்டு போக இடம் கிடைத்தும் நான் முந்தவில்லை. லாரி மெதுவாகப் போவது எனக்கு வசதியாக இருந்தது.

எட்டே முக்காலுக்குச் சார்ஜிங் நிலையம். யூனிட் இருபத்திரண்டு ரூபாய், டீ பன்னிரண்டு. இரண்டு கன்னிலும் வண்டிகள் மாட்டியிருந்தன. இரண்டு டிரைவர்களும் வெயிலில் தத்தம் வண்டியை ஒட்டியே நின்றார்கள். செல்வியின் மேஜையில் கிண்ணம் இல்லை.

நான் வாய் திறப்பதற்குள் செல்வி என்னை அடையாளம் கண்டுகொண்டார். “ஐயா! நீங்கதான அந்த மீன் கார்டு? எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்று கல்லாப்பெட்டியின் அடியிலிருந்து என் கார்டை எடுத்துத் துணியால் துடைத்து நீட்டினார். “பத்திரமா வச்சிருக்கேன் பாருங்க. இங்க இருந்து கார்டு தொலஞ்சிதுன்னு இன்னொருத்தரு சொல்லிடக் கூடாதுல்ல.”

“கிண்ணம் எங்கேம்மா?”

“அத ஏன் கேக்கறீங்க. வேலு அண்ணன் கார்டு போனதுலேந்து யாரும் போடறதில்ல. நான் எடுத்து ஒளிச்சி வச்சிட்டேன்னுகூட ஒருத்தன் பேசினான். அப்பவே தூக்கிக் கடாசிட்டேன்.”

நான் வேலுவின் கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன். என்னிடம்தான் இருந்தது, அன்றே எனக்குத் தெரியும் என்றேன். செல்வி அதைத் தொடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை அணைத்துவிட்டு வேலுவுக்குப் போன் செய்தார். “அண்ணே, சீக்கிரம் வா. உன் கார்ட எடுத்துக்கிட்டுப் போனவரு வந்துருக்காரு. ஆமா, எடுத்துக்கிட்டு. வா நீ.”

வேலுவுக்கு நாற்பது வயதிருக்கும். மங்கலம்பேட்டை சவாரி நின்ற பிறகு தொழிற்பேட்டையிலிருந்து பீங்கான் மாதிரிகள் வைத்த பெட்டிகளை வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோகிறார். பின்னிருக்கை முழுவதும் வைக்கோல் திணித்த அட்டைப் பெட்டிகள். இறங்கியதும் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாக்கெட்டுல கெடந்துச்சா? பாக்காம வுட்டுட்டீங்களா?”

இல்லை என்றேன். போன் வந்ததையும், கையில் இந்தக் கார்டு இருந்ததையும், நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த இருவரும் அருகே வந்துவிட்டார்கள். வேலு கையை ஓங்கவில்லை; ஓங்கியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “தெரியாமப் போயிடுச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பேன்” என்றார். “எம் பொண்டாட்டியே நம்பலங்க. நீ எங்கனா வுட்டுருப்ப, யோசிச்சுப் பாருன்னு ஒரு வாரம் வண்டியெல்லாம் தேடினா.”

என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் வேணாம். அன்னிக்கி ஃப்ளைட்ட வுட்ட யூசுப் பாய் இன்னிக்கிப் பன்னெண்டு மணிக்குக் கெளம்புறாரு. இங்க சொன்னத அவங்க வூட்ல வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் அவங்க இஷ்டம்.”

மங்கலம்பேட்டை அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். வேலுவின் வண்டிக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். பத்தரைக்குக் கடைவீதியைத் தாண்டி ஒரு தெருவில் நின்றோம். பச்சை கேட் போட்ட வீடு. வாசலில் கயிறு கட்டிய இரண்டு பெட்டிகள். யூசுப், அவருடைய தாய் ஜைனம்பு அம்மாள், தாய்மாமன் ஹமீது பாய், இன்னும் சில அக்கம்பக்கத்தார் இருந்தார்கள். வேலுவைக் கண்டதும் ஹமீது பாய், “இன்னிக்கி எந்த கார்டு தொலஞ்சிது?” என்றார். சிலர் சிரித்தார்கள். வேலு என்னைப் பார்த்தார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தொழிலே பேசுவதாக இருந்தவனுக்கு அன்று வாக்கியம் வரவில்லை. யூசுப் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். குவைத்தில் பதினோரு ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். இப்போது போவது காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலைக்கு. அதை வழியிலேயே வேலு சொல்லியிருந்தார்.

ஜைனம்பு அம்மாள்தான் பேசினார். “அப்பிடி இன்னா அவசரம் ஒங்களுக்கு? யாருக்காவது ஒடம்பு முடியலியா? ஆஸ்பத்திரியா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. நான் தலையை அசைத்தேன். ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய அசைவு. அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டார்.

“யாருக்கு?”

“திருச்சியில் என் மாப்பிள்ளை...” என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

“அல்லா!” என்றார் அவர். தெருக்காரர்களின் முகம் கொஞ்சம் இளகியது. வேலுவின் முகமும் இளகியது. அதைப் பார்த்த பிறகும் நான் திருத்தவில்லை.

பிறகு நான் வந்த காரியத்தைக் கேட்டேன். டீசல் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலுவின் வண்டியில் யூசுப்பை அனுப்ப வேண்டும்; தெரு பார்க்க அனுப்ப வேண்டும். திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர், வேலுவின் வண்டியில் இருநூறுக்கு மேல் ஓடச் சார்ஜ் இருக்கிறது, வழியில் எங்கும் நிறுத்தவே வேண்டாம் என்று கணக்குச் சொன்னேன்.

“கணக்கு அன்னிக்குந்தான் சரியா இருந்துச்சு வாத்தியாரே” என்றார் ஹமீது பாய்.

ஜைனம்பு அம்மாள் அவரைக் கையமர்த்தினார். “என் புள்ளைய ஒரு மிஷின்ல மாட்டிவுட்டுட்டுப் போனீங்க. இன்னிக்கி வேலு வண்டியில அனுப்புறேன். அவன் உள்ள போயி, எல்லாம் முடிஞ்சிதும்மான்னு போன் பண்ற வரைக்கும் நீங்க இந்த வூட்டுலயே இருங்க. வண்டிச் சாவிய இப்பிடிக் குடுங்க.”

சாவியைக் கொடுத்தேன்.

“அய்யாவ அவுத்து வுட எந்த கார்ட காட்டணும்?” என்று யாரோ கேட்க, யூசுப்கூடச் சிரித்துவிட்டார்.

வேலு தன் பீங்கான் பெட்டிகளை இறக்கிவிட்டு, பின்னிருக்கையில் ஒட்டியிருந்த வைக்கோலைக் கையால் பொறுக்கினார். பன்னிரண்டு மணிக்கு வண்டி கிளம்பியது. அது சத்தமில்லாமல் நகர்ந்ததால் வாசலில் நின்ற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. கையாட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். “ஓட்டும்போது போன எடுக்காத வேலு” என்று ஜைனம்பு அம்மாள் கத்திச் சொன்னார்.

முன்னறையில் ஒரு நாற்காலி போட்டார்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு வந்தது: சோறு, தால்ச்சா, பொரித்த மீன். ஜைனம்பு அம்மாள் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார். “மாப்பிள்ளைக்கி இன்னா? நெஞ்சு வலியா?” என்று கேட்டார். “அதெல்லாம் இல்லை” என்றேன். நான் அடக்கமாகச் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார். மீனில் முள் இருக்கிறது, பார்த்துச் சாப்பிடுங்கள் என்றார்.

இரண்டு மணிக்கு யூசுப்பின் போன் எடுக்கவில்லை. இரண்டேகாலுக்கு அணைந்திருப்பதாகச் சொன்னது. வேலுவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டரை ஆயிற்று, இரண்டே முக்கால் ஆயிற்று. ஹமீது பாய் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். “கரண்டு வண்டி நின்னுடுச்சு. நான் அப்பவே சொன்னேன்” என்றார். யூசுப்பின் மனைவி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகிறாரா என்று எனக்குப் பார்க்கத் துணிவில்லை. நான் மனதுக்குள் தூரத்தையும் சார்ஜையும் திரும்பத் திரும்ப வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விடை சரியாக வந்தது. அந்த விடையை நானே நம்பவில்லை.

மூன்று மணி தாண்டி ஹமீது பாயின் போன் அடித்தது. வேலு. ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏர்போர்ட்டு வந்தாச்சும்மா. ஓட்டும்போது போன எடுக்காதன்னு நீங்கதான சொன்னீங்க, அதான் எடுக்கல.”

“யூசுப்பு போனு இன்னா ஆச்சு?” என்று ஜைனம்பு அம்மாள் கேட்டார்.

யூசுப்பின் குரல் வந்தது. “வண்டியில எம்பது கிலோமீட்டருக்குச் சார்ஜ் இருக்குதும்மா. என் போன்லதான் இல்ல.”

வீடே சிரித்தது. நானும் எழுந்தேன். ஜைனம்பு அம்மாள் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். “இன்னும் உள்ள போவல.”

பிறகு அவர் அஸர் தொழுகைக்கு உள்ளே போனார். திரும்பி வந்து, “புள்ளைக்காகக் கேட்டேன். ஒங்க மாப்பிள்ளைக்கும் சேத்துக் கேட்டேன்” என்றார். என் மாப்பிள்ளை அந்த நேரம் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்தேகாலுக்கு யூசுப்பிடமிருந்து போன் வந்தது. குடியேற்றச் சோதனை முடிந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார். தாயிடமும் மனைவியிடமும் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னார். “ஐயா, முடிஞ்சிதுங்க. நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க. வெளிச்சத்துலயே போயிடுங்க” என்றார். எனக்கு இருட்டில் கண் தெரியாது என்று காலையில் நான் யாரிடமோ சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

ஜைனம்பு அம்மாள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசல்வரை வந்தார். “மாப்பிள்ள இப்ப எழுந்து நடமாடுறாருல்ல?” என்றார்.

சாவி கையில் இருந்தது. வண்டி பத்தடியில் நின்றது. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

“அவருக்கு ஒன்றுமே இல்லை அம்மா. அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவர் புது வீட்டு விருந்துக்குப் போனேன். இந்த வண்டியில் நேரத்துக்கு வரமாட்டேன் என்று கேலி செய்தார். முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்று போனேன்.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளேயிருந்து மருமகள் ஏதோ கேட்டார், அவர் திரும்பவில்லை.

“சாப்பாடு நல்லா இருந்துச்சா?” என்றார்.

“நல்லா இருந்தது அம்மா.”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதுச்சேரிக்குத் திரும்பும்போது நெய்வேலி தாண்டியதுமே வெளிச்சம் குறைந்தது. வடலூரில் வண்டியை விட்டுவிட்டு மிச்ச தூரத்தைப் பஸ்ஸில் போனேன். மறுநாள் மாப்பிள்ளைக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். “இதுக்காகவா மாமா? நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்” என்றார் அவர். எனக்கும் அது அன்றே தெரியும்.

இரண்டு வாரம் கழித்து வேலு கூப்பிட்டார். ஜைனம்பு அம்மாள் தெருவில் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாராம். விருந்துக் கதையையும் விடவில்லையாம். அதே தெருவிலிருந்து மூன்று குடும்பங்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் வேலுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். யூசுப் மூட்டைதான் இறக்கிக்கொண்டிருக்கிறார், அதில் மாற்றமில்லை. சார்ஜிங் நிலையத்தில் இன்னமும் ஒவ்வொருவரும் அவரவர் வண்டியைக் காத்துக்கொண்டுதான் நிற்கிறார்களாம்.

“என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள்?” என்று கேட்டேன்.

வேலு தயங்கினார். “மொதப் பந்திக்காரருன்னு பேரு வச்சிருக்காங்கய்யா.”

சரியான பேர்தான் என்றேன். அவர் மறுக்கவில்லை. சவாரி இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.